டர்போ மேல் விழும் பழி

காரவள்ளியைத் தாண்டியதும் கொல்லிமலைச் சாலை நிமிரத் தொடங்கும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லில் இருந்து அதுவரை ஒரு முனகலும் இல்லாமல் வந்த என் டீசல் கார், பதினொன்றாவது வளைவில் திரும்பியதும் சோர்ந்துவிட்டது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும் இன்ஜின் 2,000 சுற்றைத் தாண்ட யோசித்தது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வந்த பைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சைகையில் ஏதோ திட்டினார். அவ்வளவு கரும்புகை. மாட்டு வண்டி வேகத்தில் எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காட்டிய முதல் பட்டறையில், பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. “டர்போ போயிருச்சுங்க.”

ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிக்கொண்டு புதிய டர்போ ஏறியது. சமவெளியில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பழைய டர்போவிலும் சமவெளியில் நன்றாகத்தான் ஓடியது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி கொல்லிமலை. இந்த முறை பத்தாவது வளைவிலேயே மூச்சு வாங்கியது.

இழுவை குறைந்தால், புகை வந்தால், விசில் கேட்டால், ஆயில் கசிந்தால் எல்லாவற்றுக்கும் டர்போதான் காரணம் என்று சொல்லும் வழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றிவிட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு: அந்தத் தொல்லைகள் எல்லாம் வெளிப்படுகிற இடம் டர்போ. ஆனால் வெளிப்படுகிற இடமும் தொடங்குகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். காற்று உள்ளே நுழைகிற வாயிலில் இருந்து சைலன்சர் வழியாக வெளியேறுவது வரையிலான பாதையில் டர்போ ஒரு சத்திரம், அவ்வளவுதான். வழியில் எங்கே திருட்டு நடந்தாலும் சத்திரக்காரனைத்தான் பிடிக்கிறார்கள்.

முதலில் இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய கிட்டத்தட்ட 12 கிலோ காற்று தேவை. கிலோவில் சொன்னால் மனதில் பதியாது. கடல்மட்டத்தில் அது சுமார் 10,000 லிட்டர். கோடையில் தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரி ஒன்று நிறையும் அளவு. அதுவும் வேதியியல் கணக்கின் குறைந்தபட்சம். புகையில்லாமல் எரிய வேண்டுமானால் டீசல் இன்ஜின் இதைவிடக் கணிசமாக அதிகம் கேட்கும். பங்கில் காசு கொடுத்து வாங்கும் ஒரு லிட்டரை ரூபாய் பைசாவோடு நினைவில் வைக்கிறோம். இலவசமாக வரும் 10,000 லிட்டரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மலை ஏற ஏறக் காற்று மெலியும். 1,200 மீட்டர் உயரத்தில் அதன் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே குறைந்துவிடுகிறது. ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். டர்போ என்ற கருவி முதலில் பெயர் வாங்கியதே ஒரு மலை உச்சியில்தான். சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல், வீணாகும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அதை ஊர் பார்க்க நிரூபித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த சான்ஃபோர்டு மாஸ். முதல் உலகப்போர் விமானங்கள் உயரே போனால் வலுவிழந்தன. அந்த விமான இன்ஜின் ஒன்றை 1918இல் லாரியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் மலைக்கு, 14,000 அடிக்கு மேலே கொண்டுபோனார் மாஸ். கீழே 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின், உச்சியில் டர்போ இல்லாமல் 230தான் தந்தது. டர்போவை இணைத்ததும் 356. மலை ஏறியதே தெரியாதது போல ஓடியது. பூஹியின் கனவு கடலில் பலித்தது: 1920களில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் இன்ஜின்களில் டர்போ பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் 2,500 ஆனது.

உள்ளே இருப்பது என்ன? ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சிறிய சக்கரங்கள். ஒரு பக்கம் இன்ஜினிலிருந்து பாய்ந்து வரும் சூடான புகை அடித்து ஒன்றைச் சுற்றும், அது டர்பைன். தண்டு சுற்றுவதால் மறுமுனைச் சக்கரமும் சுற்றி வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தும், அது கம்ப்ரசர். சொல்லும்போது கிணற்று ராட்டினம் போல எளிமையாக இருக்கிறது. வேகத்தைக் கேட்டால்தான் தலை சுற்றும். சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் முறை சுற்றும். 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கம்ப்ரசர் சக்கரம் 1,80,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. ஒலியை முந்துகிற வேகம். அந்தத் தண்டைத் தாங்குவது பெரும்பாலான டர்போக்களில் பால் பேரிங் அல்ல. முடியைவிட மெல்லிய ஆயில் படலம். தண்டு ஆயிலில் மிதந்தபடி சுற்றுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வருவோம்.

அழுத்தினால் காற்று சூடாகும் என்பது சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியே 35 டிகிரி இருக்கும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், டர்போவிலிருந்து அது 130 டிகிரி வாக்கில் வெளியே வரும். சூடான காற்று மறுபடி விரிந்துவிடும். அழுத்தியதன் பலனில் பாதி போய்விடும். அதனால் வண்டியின் முகப்பில் ரேடியேட்டர் போலவே இருக்கும் இன்டர்கூலருக்குள் நுழைத்து ஆற வைத்து, பிறகு இன்ஜினுக்குள் விடுகிறார்கள். இந்த ஏற்பாட்டால்தான் டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கை தடிமனில் ரப்பர் ஹோஸ்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. ஒவ்வொரு முனையிலும் ஒரு கிளிப். ஒவ்வொரு கிளிப்பும் ஒரு சந்தேகம்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு நான் போய் நின்றது, நாமக்கல்லில் லாரிகளோடு முப்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டிய ஒரு மூத்த மெக்கானிக்கிடம். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவர் டர்போவைப் பார்க்கவே இல்லை. கேட்ட முதல் கேள்வி: “கட்டாந்தரையில நல்லாத்தானுங்க ஓடுது? ஏத்தத்துல மட்டும் தானே?”

“ஆமாங்கண்ணா.”

“கரும்புகையா, நீலமா?”

“கரும்புகைதாங்க. தார் மாதிரி.”

“அப்ப டீசல் வருது, காத்து வரல. டர்போ காத்து அனுப்பலையா, அனுப்புன காத்து வந்து சேரலையா, அதத்தான் பாக்கோணும்.”

இந்த ஒரு வாக்கியத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது என்று பிறகுதான் புரிந்தது. கரும்புகை என்றால் எரியாத கரி; எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலப்புகை என்றால் எங்கோ இன்ஜின் ஆயில் எரிகிறது. வெண்புகை, அதுவும் இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால், எரியாத டீசலோ, உள்ளே கசியும் கூலன்டோ. புகையின் நிறத்தைப் பார்க்காமல் டர்போவைக் கழற்றுகிறவர், நாடி பார்க்காமல் மருந்து எழுதுகிற வைத்தியர்.

அனுப்பிய காற்று வந்து சேரவில்லை என்றால் ஏன் கரும்புகை வர வேண்டும்? காற்று குறைந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் டீசலையும் குறைத்துக்கொள்ளலாமே? அது ஒரு ஏமாந்த கணக்குப்பிள்ளையின் கதை. ஏர் ஃபில்டருக்கு அடுத்தாற்போல் ஏர் ஃப்ளோ சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சூடேற்றிய மெல்லிய கம்பி அல்லது தகடு. கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கும். அதைத் திரும்பச் சூடாக வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து எத்தனை கிராம் காற்று உள்ளே போனது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. கல்யாண மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணும் ஆள் போல. அவன் 200 பேர் என்கிறான். உள்ளே 200 இலை போடுகிறார்கள். ஆனால் பக்கவாட்டுக் கதவு வழியாக 60 பேர் வெளியேறிவிட்டால்? இலை போட்டது போட்டதுதான், சோறு வீண். டர்போவுக்குப் பிறகு ஹோஸில் கிழிசல் இருந்தால் நடப்பது இதுவே. எண்ணப்பட்ட காற்று வழியில் தப்பிவிடுகிறது. கணக்குப்படி ஊற்றிய டீசல் கரியாகிறது.

அதே கிழிசல் டர்போவுக்கு முன்னால், ஃபில்டருக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே இருந்தால் கதையே வேறு. அங்கே குழாய்க்குள் வெளியைவிட அழுத்தம் குறைவு. காற்று வெளியேறாது, உள்ளே இழுக்கப்படும். சத்தம் இல்லை, உடனடியாக இழுவைக் குறைவும் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஃபில்டரைத் தொடாத புழுதி நேரே உள்ளே போய்க்கொண்டிருக்கும். அழுத்தப் பக்கக் கிழிசல் கத்தி ஊரைக் கூட்டும். உறிஞ்சு பக்கக் கிழிசல் சத்தமில்லாமல் இன்ஜினையே தின்றுவிடும். இரண்டில் எது ஆபத்து என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மூத்தவர் ஸ்கேனரை மாட்டினார். கணினித் திரையில் வந்த எண் பி 0299. எதிர்பார்த்த டர்போ அழுத்தம் கிடைக்கவில்லை என்பது அதற்குப் பொருள். முதல் பட்டறையிலும் இதே எண்தான் வந்திருக்க வேண்டும். அழுத்தம் இல்லை, எனவே டர்போ இல்லை என்று அங்கே முடிவு கட்டிவிட்டார்கள். அந்த எண்ணுக்கு டர்போ யாரென்றே தெரியாது. இன்ஜின் வாசலில் இருக்கும் பிரஷர் சென்சாருக்கு வந்து சேர்ந்த அழுத்தம் குறைவு என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

அடுத்து அவர் செய்தது எனக்குப் பிடித்துப்போன சோதனை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, பிரஷர் சென்சார் என்ன சொல்கிறது என்று பார்த்தார். இன்ஜின் ஓடாதபோது குழாய்க்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே காற்று. ஆகவே அது அன்றைய வளிமண்டல அழுத்தத்தை, சமவெளியில் ஏறத்தாழ 1,000 மில்லிபாரை, காட்ட வேண்டும். 1,300 என்றோ 700 என்றோ காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது, மற்றதை அப்புறம் பார்க்கலாம். என் வண்டியில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு குறைவு. சாட்சி நேர்மையானவர்தான். (பலர் இந்த 1,000 மில்லிபாரைப் பார்த்துவிட்டு டர்போ ஒரு பார் கொடுக்கிறது என்று சந்தோஷப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அது நம் தலைக்கு மேல் நிற்கும் ஆகாயத்தின் எடை. டர்போவின் பங்கு அதில் சுழியம்.)

பிறகு என்னை ஓட்டச் சொல்லி, மடியில் லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இந்த நோயைப் பட்டறையில் நிறுத்தி வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நியூட்ரலில் எவ்வளவு உறுமவிட்டாலும் இன்ஜினுக்குச் சுமை இல்லை. சுமை இல்லாவிட்டால் புகையின் வேகம் குறைவு. டர்போ சோம்பலாகச் சுற்றும். ஹோஸுக்குள் அழுத்தமே ஏறாது. கிழிசல் வாயைத் திறக்காது. மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து முழுக்க மிதித்து 3,000 வரை இழுக்கச் சொன்னார். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம், மற்றொன்று கிடைத்த அழுத்தம். கேட்டது 2,200, கிடைத்தது 1,400ஐத் தாண்டவே இல்லை. இரண்டு கோடுகளும் சேர்ந்தே கிளம்பி, அழுத்தம் ஏற ஏற விலகிக்கொண்டே போயின.

இந்த விலகலின் வடிவத்தைப் படிக்கத் தெரிவதுதான் கைத்திறன். ஏற ஏற இடைவெளி விரிந்தால் கசிவு மேல் சந்தேகம். கிடைக்கும் கோடு வெகுநேரம் படுத்துக் கிடந்து, அதிக சுற்றில் மட்டும் எழுந்து வந்து சேர்ந்துகொண்டால், டர்பைனைச் சுற்றியுள்ள சிறு இறக்கைகள் கரி பிடித்துத் திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். கேட்டதைத் தாண்டி மேலே எகிறி, உடனே கம்ப்யூட்டர் சக்தியை வெட்டிவிட்டால், அதே இறக்கைகள் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். இன்றைய டீசல் கார்களில் பெரும்பாலானவற்றில் இந்த அசையும் இறக்கைகள் உண்டு. சுற்று குறைவாக இருக்கும்போது குறுகி, தோட்டக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுவது போலப் புகையை வேகமாக அடிக்கும். சுற்று கூடினால் விரிந்து வழிவிடும். நாள் முழுக்க நகர நெரிசலில் ஊர்ந்தே வாழும் வண்டிகளுக்கு இங்கே கரி படிவது இயல்பு. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் நன்றாக இழுத்துவிடச் சொல்லும் டிரைவர்கள் அறிவியல் தெரியாமல் சொல்லவில்லை.

இறக்கைகளை அசைக்கும் கம்பியைப் பல வண்டிகளில் வேக்குவம் இழுக்கிறது. பென்சிலைவிட மெல்லிய ஒரு ரப்பர் குழாய் வழியாக அந்த உறிஞ்சல் வருகிறது. அது வெடித்தாலோ எலி கடித்தாலோ கம்பி அசையாது. ஆரோக்கியமான டர்போ கை கட்டி உட்கார்ந்திருக்கும். கையில் பிடிக்கும் வேக்குவம் பம்ப் இருந்தால் நொடியில் தெரியும். பம்ப் இல்லாத காலத்தில் குழாயை வாயில் வைத்து உறிஞ்சியே பார்ப்போம் என்றார் மூத்தவர். கம்பி மேலே வர வேண்டும், நாக்கால் குழாயை அடைத்ததும் அப்படியே நிற்க வேண்டும். நழுவினால் உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிந்திருக்கிறது. இந்த இருபது ரூபாய்க் குழாய்க்காக எத்தனை டர்போக்கள் மாறியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

என் வண்டிக்கு வருவோம். கசிவு என்று முடிவானதும், டர்போவின் காற்று வாயில் ஒரு பி.வி.சி. மூடியைச் சொருகிக் கிளிப்பால் இறுக்கினார். மூடியின் நடுவே துளையிட்டு டயர் வால்வு ஒன்றைப் பதித்திருந்தார், சொந்தத் தயாரிப்பு. அதில் பட்டறையின் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஹோஸை மாட்டி மெதுவாக 15 பி.எஸ்.ஐ. வரைக்கும் ஏற்றினார். அதற்கு மேல் போனால் சீல்களுக்குக் கேடு. ஆயில் ஆவி வந்து சேரும் குழாயையும் முதலில் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று இன்ஜின் அடிவயிற்றுக்குள் போய்விடும். பிறகு ஷாம்பூ கலந்த தண்ணீரை எல்லா இணைப்புகளிலும் தெளித்தார். பெரிய பட்டறைகளில் இதற்கென்று புகை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். குழாய்க்குள் வெண்புகையை நிரப்பினால் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊதுபத்தி போல நூலாக எழும்பும். ஒரு ரூபாய் ஷாம்பூவும் அதே வேலையைச் செய்தது.

இன்டர்கூலரில் இருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம், தரையைப் பார்த்த பகுதியில், நுரை கொப்பளித்தது. இரண்டு விரல்கடை நீளத்துக்கு ஒரு கிழிசல். எப்போதோ யாரோ கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்கியதில் ரப்பர் வெட்டுப்பட்டிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையால் அழுத்தினாலும் உதடு மூடியே இருந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் மட்டும் மீன் வாய் போலத் திறந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டிக் கறுத்திருந்தது. மூத்தவர் அந்தக் கறையைக் காட்டி, கண்ணாடி ஒன்றை எடுத்து அடியில் பிடித்துப் பார்த்திருந்தால் இத்தனை பாடே தேவைப்பட்டிருக்காது என்று தன்னையே நொந்துகொண்டார். ஹோஸுக்குள் எப்போதும் கொஞ்சம் ஆயில் ஆவி ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டை வழியாகக் காற்றோடு அதுவும் வெளியேறி, அந்த இடத்தில் ஈரக் கறையாகத் தங்கிவிடும். கசிவு தன் முகவரியை எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறது.

அந்த ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டர்போ மேல் அடுத்த பெரிய பழி அதிலிருந்துதான் வருகிறது. ஹோஸைக் கழற்றிப் பார்த்து உள்ளே எண்ணெய் பூத்திருந்தால் ‘டர்போ ஆயில் அடிக்குது’ என்று சொல்லிவிடுவார்கள். பிஸ்டனைத் தாண்டி இன்ஜின் அடிவயிற்றுக்குக் கசியும் வாயுக்களை வெளியே விடக்கூடாது என்பதால் அவற்றை டர்போவின் வாயிலுக்கே திருப்பி விடுகிறார்கள். அவற்றோடு ஆயில் ஆவியும் வரும். மெல்லிய பூச்சு இருப்பது இயல்பு. குழாயைச் சாய்த்தால் ஓடி வழியும் அளவுக்குத் தேங்கியிருந்தால் மட்டும்தான் கவலை.

அப்போதும் டர்போ நிரபராதியாக இருக்கலாம். தண்டின் இரு முனைகளிலும் ஆயில் வெளியேறாமல் தடுப்பவை பெரும்பாலும் பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள். குழாய்த் திருகின் வாஷர் போல அழுந்தி அடைப்பவை அல்ல. இரு பக்க அழுத்த வேறுபாடுதான் ஆயிலை அதன் எல்லைக்குள் நிறுத்துகிறது. ஏர் ஃபில்டர் முழுக்க அடைத்துக்கொண்டால் கம்ப்ரசருக்குப் பின்னால் உறிஞ்சல் கூடி, வளையத்தைத் தாண்டி ஆயிலை இழுக்கும். ஆயில் திரும்பும் குழாய் நசுங்கியிருந்தால் ஆயில் வடிய வழியில்லாமல் தேங்கிப் பிதுங்கும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து இன்ஜினுக்குள் அழுத்தம் கூடினாலும் அதே கதை. மூன்றிலும் நீலப்புகை வரும், மூன்றிலும் டர்போவைக் கழற்றிப் பார்த்தால் எண்ணெயில் குளித்திருக்கும், மூன்றிலும் புதிய டர்போ மாட்டினால் அதுவும் குளிக்கும்.

டர்போவின் உடல்நிலையைச் சோதிக்கத் தனி வழி இருக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டின் நுனியை இரு விரலால் பிடித்து அசைக்க வேண்டும். மேலும் கீழும் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம். ஆயில் படலம் நிரம்பும் இடைவெளி அது. சக்கரம் கூட்டின் சுவரைத் தொடும் அளவு ஆடக்கூடாது. ஆனால் முன்னும் பின்னும், தண்டின் நீளவாக்கில், கைக்குத் தட்டுப்படும்படி அசைவு இருந்தால் பேரிங் முடிந்துவிட்டது. பட்டறைகளில் ‘ப்ளே இருக்கு’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பக்கத்து ப்ளே என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். (ஓடும் இன்ஜினில் குழாயைக் கழற்றி எட்டிப் பார்ப்பதும் கை நீட்டுவதும் விரலை இழக்கும் வழி.)

கம்ப்ரசர் இறக்கைகளின் விளிம்பும் பேசும். வெட்டுப்பட்டு நெளிந்திருந்தால் ஏதோ கெட்டிப்பொருள் உள்ளே போயிருக்கிறது. கடைசியாக ஃபில்டர் மாற்றியவர் மறந்துவிட்ட நட்டாக இருக்கலாம். கூழாங்கல் போல மழுங்கியிருந்தால் புழுதி. திருச்செங்கோட்டில் இருந்து வடநாடு வரை போகும் போர்வெல் வண்டிகளையும், அறுப்புக் காலத்து வயல் வண்டிகளையும் கையாளும் மெக்கானிக்குகள் இந்த மழுங்கலைத் தொட்டே சொல்லிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், புழுதிக்கு மருந்தாக நம் ஆட்கள் செய்வதே புழுதியை உள்ளே விடுகிறது. தினமும் ஃபில்டரைக் கழற்றி, டயருக்கு அடிக்கும் காற்றை அதன் மேல் பீய்ச்சுகிறார்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுகின்றன. கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர், புத்தம்புதியதைவிடச் சின்னத் துகளையும் பிடிக்கும். படிந்த தூசியே இன்னொரு வலையாகிவிடுகிறது. பல லாரிகளிலும் டிராக்டர்களிலும் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி இருக்கும். அடைப்பு எல்லையைத் தொட்டதும் அதில் சிவப்புத் தெரியும். சிவப்பு வரும்வரை ஃபில்டரைத் தொடாமல் இருப்பது சோம்பேறித்தனம் இல்லை.

நிஜமாகவே செத்துப்போன டர்போக்களும் உண்டு. அவற்றின் மரணத்தில் பெரும்பகுதி ஆயில் சம்பந்தப்பட்டது. அந்த முடியளவு படலம் சில நொடி இல்லாமல் போனால் போதும். உலோகம் உலோகத்தை உரசி, தண்டு நீலம் பாரித்து, சைரன் போல ஓலம் கேட்கும். மலையேறி வந்த வேகத்தில் டக்கென்று இன்ஜினை அணைத்தால், ஓட்டம் நின்ற ஆயில் பழுக்கக் காய்ந்த டர்பைன் பக்கத்தில் வெந்து கரியாகிறது. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. வருடக் கணக்கில் அந்தக் கரி ஆயில் வரும் சிறு துளையைக் குறுக்கும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள் என்று பழைய பஸ் டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். புதிய வண்டிகள் சிலவற்றில் இன்ஜின் நின்ற பிறகும் தண்ணீரைச் சுற்றவிட்டு டர்போவை ஆற்றும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆனாலும் மலை இறங்கி வந்து டீக்கடை வாசலில் நிறுத்துகிறவருக்கும், ஏறி முடித்த உடனே நிறுத்துகிறவருக்கும் வித்தியாசம் உண்டு.

ஆயில் குழாயில் கரி இருப்பதைப் பார்க்காமல் புதிய டர்போவை மாட்டினால், பழையதைக் கொன்றது புதியதையும் கொல்லும். பழைய ஆயிலே ஓடினாலும், இணைப்பில் தடவிய கேஸ்கட் பேஸ்ட் பிதுங்கித் துளையை அடைத்தாலும், இரண்டாவது மரணத்துக்கு நெடுநாள் ஆகாது. அன்றைக்கு அந்தப் பட்டறையில் எனக்கு முன்னால் நின்றிருந்த வேன்காரர் மூன்று வாரத்தில் இரண்டாவது டர்போவோடு வந்திருந்தார். மூத்தவர் ஆயில் வரும் குழாயைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுமுனையில் வெளிச்சம் ஊசிமுனை அளவுதான் தெரிந்தது. குழாயை வேன்காரர் கையில் கொடுத்தார். அவரும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

புதுக் குழாய் வந்தது. பையன் ஒருவன் ஆயில் கேனின் மூக்கை டர்போவின் துளையில் வைத்துச் சொட்டுச் சொட்டாக நிரப்பினான். மூத்தவர் சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஆயில் திரும்பும் குழாயை மட்டும் மாட்டாமல், அதன் கீழே ஒரு பழைய டப்பாவை வைத்தார்கள். டீசல் போகாதபடி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வேன்காரரை உள்ளே உட்கார வைத்து ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றச் சொன்னார். இன்ஜின் பிடிக்காமல் உருண்டது. “நிறுத்துங்க. மறுக்கா.” டப்பா காலியாகவே இருந்தது. “மறுக்கா.” நான்காவது முறை, குழாயின் வாயில் கறுப்பாக ஒரு துளி திரண்டது. தகரத்தில் டிங் என்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று, பிறகு நூலாக ஒரு ஒழுக்கு. மூத்தவர் டப்பாவை எடுத்து, குழாயை மாட்டி இறுக்கி, பிடுங்கிய இணைப்பைச் சொருகிவிட்டு எழுந்தார்.

“இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க.”